மார்கழி வற்றல்

ஜனவரி 5, திங்கள்

இந்த டைரி மதுரை ரெக்சின் கடைக்காரர் கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார், வருஷா வருஷம் பேச்சி அதில் பால் கணக்கு எழுதுவாள். இந்த முறை நான் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன். பத்தாம் வகுப்பு பாஸ், பன்னிரண்டாம் வகுப்பு இரண்டு முறை பெயில். இரண்டாவது முறை எடுத்த மார்க் முதல் முறையைவிடக் குறைவு. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு டைரி எழுதலாமா என்று யாரும் கேட்கவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் கம்ப்யூட்டரில் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சீட் கவர் தைத்து வாங்க வந்தவன் மாதிரி இருக்கிறது.

வந்தது முழங்கால் வைத்தியத்துக்கு. மகள் சுடர்க்கொடியிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை கோவில்பட்டியில் என் சீட் கவர் கடையில் ஒரு புல்லட் சீட்டுக்கு ஸ்பாஞ்ச் வெட்டிக்கொண்டிருந்தபோது இம்ரான் போன் செய்தான். சுடரும் அவனும் சேர்ந்துதான் கம்பெனி நடத்துகிறார்கள்.

"அங்கிள், கொஞ்ச நாள் வந்து இருந்துட்டுப் போங்களேன். சுடர் சரியில்ல."

"சரியில்லன்னா? காய்ச்சலாப்பா?"

"இல்ல அங்கிள். மொட்டை மாடியில போய் ரொம்ப நேரம் நிக்கிறாங்க. கைப்பிடிச் சுவர் ஓரமா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாங்க."

அஞ்சு மாடிக்கு மேலே நல்ல காற்று வரும், காற்று வாங்குகிறாள் என்றேன். ஸ்பாஞ்ச்சைக் கோணலாக வெட்டிவிட்டேன்.

பெருங்குடியில் ஐந்தாவது மாடி. ஹால்தான் ஆபீஸ், உள் அறை சுடருக்கு. வந்ததும் ஒரு வேலை பார்த்தேன். குளியலறைத் தாழ்ப்பாள் இறுகிப் போயிருந்தது, ஸ்க்ரூ டிரைவர் வாங்கி கழற்றி வைத்துவிட்டேன். "துரு பிடிச்சிருக்கு தாயி, புதுசு வாங்கிப் போடுவோம்" என்றேன். அவள் தாழ்ப்பாளைப் பார்த்தாள். அது பளபளவென்று இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

பேச்சி என்பது என் மனைவி. 'பேச்சி' என்பது என் மகளின் கம்பெனியும்கூட. முப்பத்து மூன்று வருஷமாக என்னை ஒரு வாக்கியம் முழுசாகப் பேசவிடாதவள் பெயரில், எல்லாரும் பேசட்டும் என்று ஒரு கம்பெனி. இதைச் சொன்னால் இம்ரான் ஒவ்வொரு முறையும் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை.

செல்போனில் இருக்கிற சமாச்சாரம் அது. எழுத வேண்டாம், படம் போட வேண்டாம். அமுக்கினால் பேசலாம், முன்பின் தெரியாதவர்கள் கேட்டுப் பதில் பேசுவார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், துபாயில் ரூமில் தனியாகப் படுத்திருக்கிறவர்கள் என்று எழுபது லட்சம் பேர். பேப்பரில் சுடர் படத்தோடு வந்தது. அதை லேமினேட் பண்ணிக் கடையில் மாட்டியிருக்கிறேன்.

எழுபது லட்சம் பேரும் சும்மா பேசுகிறார்கள். அதுதான் சிக்கல். என் கடையிலும் பெஞ்ச் நிறைய ஆள் இருப்பான், பேப்பர் படிப்பான், தண்ணீர் குடிப்பான், போய்விடுவான். சீட் கவர் போட ஒருத்தன்தான் வருவான். அந்த ஒருத்தனும் இவளிடம் இல்லை. மூன்று வருஷமாக முதல் போட்டவர்கள் பொறுத்தார்கள். இப்போது கைவிரித்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் இருந்த ஹாலில் நான்கு பேர்.

ஒரே வழி, ஒரு பெரிய கம்பெனி வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காக் கம்பெனி ஒன்று வருகிறது. பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இந்த வீட்டில் சமைக்கிறவன் என்ற முறையில் என்னிடமும். ரகசியம் காப்பாற்றுவான் என்று என்னை நம்பியவர்கள் உலகத்தில் அவர்கள்தான் முதல்.

சுடர் ராத்திரிக்குச் சாப்பிட்டது அரை இட்லி. மீதியை நான் தின்றேன்.

ஜனவரி 7, புதன்

மொட்டை மாடிக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது, அதன் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. கேட்டால், "எதுக்கு பெரியவரே?" என்கிறார். சட்டென்று வாயில் வந்தது, "வற்றல் போடணும்."

சொல்லிவிட்டேன். இனிப் போட்டுத்தானே ஆகவேண்டும். அரிசி ஊறவைத்து, அரைத்து, கூழ் கிண்டி, பழைய வேட்டியை விரித்து மொட்டை மாடியில் கூழ் வற்றல் ஊற்றினேன். மூன்றாவது மாடி அம்மா துணி எடுக்க வந்தவர் நின்று பார்த்தார்.

"சார், மார்கழி மாசம் சார்."

"ஆமாம்மா."

"பனி கொட்டுது. வத்தல் எப்படிக் காயும்?"

"எங்க ஊர் வற்றல் பனியில காயும்மா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். காக்காய் தூக்கிப்போகும், துணி காயப்போட வருகிறவர்களுக்கு நானே திறந்துவிடுகிறேன் என்று வாட்ச்மேனிடம் சொல்லி கதவைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். எனக்கு வேண்டியது அதுதான். வற்றலுக்குப் பாதுகாப்பு.

ஜனவரி 8, வியாழன்

சுடர் சாயங்காலம் மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஏறிக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் சுவரோரம் நின்றாள். நான் வற்றலைத் திருப்பிப் போட்டேன். ஈரமாக இருந்தது, திருப்ப வரவில்லை, வேட்டியோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் திருப்பினேன். அவள் கீழே இறங்குகிறவரை திருப்பினேன்.

நல்ல காற்றுதான்.

ஜனவரி 9, வெள்ளி

அந்தக் கம்பெனியிலிருந்து வந்தார்கள். பெண் பார்க்க வருகிற மாதிரியே இருந்தது. ஹாலைக் கழுவினேன், கேசரி கிண்டினேன், முந்திரி போட்டேன். சுடரைப் பெண் பார்க்க வந்தபோதெல்லாம் அவள் ஜீன்ஸோடு வந்து நின்று, "எனக்கு இப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். இன்று புடவை கட்டியிருந்தாள்.

வந்தவர்களில் ஒருத்தி தமிழ்ப்பெண், மிருதுளா. அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுகிறாள், கண்ணாடிக் கிளாஸ் அடுக்குகிற மாதிரி. "அங்கிள், இது ரொம்ப இனிப்பு" என்று சொல்லி இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

அவர்கள் போன பிறகு இம்ரானிடம் கேட்டேன்.

"தம்பி, நஷ்டத்துல ஓடுற கடைய எதுக்குப்பா இவ்வளவு பெரிய ஆளு வாங்குறான்?"

"கூட்டத்துக்காக அங்கிள். நம்மகிட்ட எழுபது லட்சம் பேர் இருக்காங்கல்ல. காசு அவங்க பாத்துப்பாங்க."

"வாங்கி நடத்துவானா?"

"சில சமயம் நடத்துவாங்க. சில சமயம் வாங்கி மூடிடுவாங்க. வேற யாரும் வாங்கிடக்கூடாதுன்னு."

எங்கள் ஊரில் நகைக்கடைக்காரர் பக்கத்து டீக்கடையை வாங்கி இடித்தது ஞாபகம் வந்தது. கூட்டம் வரும் என்று நினைத்தார். டீ குடிக்க வந்தவன் எவன் நெக்லஸ் வாங்குவான்? இதை இம்ரானிடம் சொல்லவில்லை. நல்ல நேரத்தில் வாயை மூடிக்கொள்ள இந்த வயதில்தான் கற்றுக்கொள்கிறேன்.

ஜனவரி 10, சனி

பேச்சி போன்.

"சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறா."

"என்ன சாப்பிட்டா?"

"இட்லி."

"எத்தன?"

"நாலு."

"பொய் சொல்லாதீங்க. அவ சின்ன வயசுலயே மூணுக்கு மேல தின்னதில்ல. கடையில ஸ்பாஞ்ச் தீந்துபோச்சு, யாருக்குச் சொல்லணும்?"

முப்பத்து மூன்று வருஷத்தில் இவளிடம் ஒரு பொய்யாவது நிலைத்திருக்கிறதா என்று யோசிக்கிறேன். இல்லை.

ஜனவரி 12, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். ஏனென்றால் நடந்ததற்குக் காரணம் நான்.

'பேச்சி'யைத் திறந்தால் என் மனைவியின் குரல் கேட்கும். "வாய்யா, சாப்ட்டியா?" பெண்ணாக இருந்தால், "வா தாயி". சுடர் சமையல்கட்டில் வைத்துப் பதிவு செய்தது, பின்னால் குக்கர் சத்தம்கூட இருக்கும். வெளியே போவதற்கு ஒரு பொத்தான் வைத்திருந்தாள். அதில் 'வெளியேறு' என்று எழுதியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு என்னிடம்தான் முதலில் காட்டினாள். நான் குதித்தேன்.

"வீட்டுக்கு வந்தவன வெளியேறுன்னா சொல்லுவ?"

"அப்ப 'போறேன்'னு போடட்டுமாப்பா?"

"ஆகாது! போறேன்னு எவனாவது சொல்லுவானா? எழவு வீட்டுலதான் ஒண்ணும் சொல்லாமப் போவான். 'போயிட்டு வாரேன்'னு போடு."

போட்டாள். அமுக்கினால் பேச்சி பதில் சொல்வாள்: "பாத்துப் போயிட்டு வாய்யா." எனக்கு ஒரே பெருமை. கம்பெனிக்கு நான் கொடுத்த மூலதனம் அந்த இரண்டு வார்த்தைதான்.

இப்போது அமெரிக்காக்காரர்கள் கணக்கைக் குடைந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்தச் சமாச்சாரத்திலும் எவனும் வெளியே போகும் பொத்தானை அமுக்குவதில்லை. போனை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். நம் ஆட்கள் அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் ஒழுங்காக 'போயிட்டு வாரேன்' அமுக்கிவிட்டுத்தான் போகிறார்கள். சொல்லாமல் போனால் நன்றாக இருக்காதாம். பேச்சி பதில் சொல்வதைக் கேட்க வேண்டுமாம். அமுக்கினால் மெஷின் அந்த ஆளைப் போனவன் என்று எழுதிக்கொள்கிறது. மறுநாள் வந்தால் புது ஆள் என்று எண்ணிக்கொள்கிறது. ஒரு லாரி டிரைவர் வருஷம் முழுக்கப் போய்ப் போய் வந்து, தனி ஆளாக ஒரு ஊர் ஜனத்தொகை ஆகிவிட்டார்.

எழுபது லட்சம் இல்லை. பத்தொன்பது லட்சம்.

சுடருக்கும் தெரியாது, இம்ரானுக்கும் தெரியாது. எவனும் அமுக்காத பொத்தானை எவன் போய்ச் சோதிப்பான்? ஆனால் வெள்ளைக்காரர்கள் கேட்கிற கேள்வி வேறு. "எண்ணிக்கையை வேண்டுமென்றே ஊதினீர்களா?" கம்ப்யூட்டரில் முகம் முகமாக ஆறு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். முதல் போட்டவர்களும் இருந்தார்கள். ஒருத்தர் சுடரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னார். எனக்குப் புரியவில்லை. இம்ரான் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

முடிந்ததும் அவளிடம் போனேன். "தாயி, என்னாலதான?"

"நீங்க சொன்ன வார்த்தையில தப்பே இல்லப்பா," என்றாள். "எண்ணத் தெரியாதவ நான்தான்."

சிரித்தாள். அதற்குப் பதில் அழுதிருக்கலாம்.

ஜனவரி 13, செவ்வாய்

வற்றல் காயவில்லை. பனி.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கேஸ் அடுப்பில் பொங்கினேன். பொங்கியதும் நான் ஒருவனே "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினேன். எதிர் வீட்டு நாய் குரைத்தது. அதையும் கணக்கில் சேர்த்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

இம்ரானும் மற்றவர்களும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். சுடர் போனில் அம்மாவிடம் பேசினாள். "நல்லாருக்கேம்மா" என்று மூன்று முறை சொன்னாள். அந்தப் பக்கம் பேச்சி ஒன்றும் பேசவில்லை. என் மனைவி பேசாமல் இருந்ததை இன்றுதான் கேட்டேன்.

பாத்திரம் தேய்க்க வருகிற டெய்சிக்கு சுடர் தன் நல்ல தோல் செருப்பைக் கொடுத்தாள். போன மாதம் வாங்கியது. கூடவே ஆறு சுடிதார், கைக்கடிகாரம். அம்மா மாதிரி தாராளம். டெய்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, பாப்பா எல்லாத்தையும் குடுக்குது, எனக்கு பயமா இருக்கு, கடிகாரத்த நீங்களே வச்சுக்கங்க" என்று கையில் திணித்தாள்.

பொங்கலுக்குக் கொடுப்பது வழக்கம்தானே என்றேன். கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 17, சனி

இன்று சுடர் இம்ரானைப் பக்கத்தில் உட்காரவைத்து எந்தப் பெட்டியில் எந்தத் தாள் இருக்கிறது, எதற்கு என்ன பாஸ்வேர்டு என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. இம்ரான் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அதனால் கண் அப்படி இருந்தது.

முழங்காலுக்குத் தைலம் வாங்க வேண்டும். நிஜமாகவே வலிக்க ஆரம்பித்துவிட்டது. மாடிப்படி.

ஜனவரி 20, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. வாங்குகிறார்கள். ஆனால் 'பேச்சி'யை இல்லை. ஆட்களை மட்டும். சுடர், இம்ரான், இன்னும் இரண்டு பேர் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேரவேண்டும். கொடுக்கிறது பழைய கடன்களுக்குச் சரியாகப் போகும், போலீஸ் கேஸ் என்று யாரும் போகமாட்டார்கள். 'பேச்சி'யை இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி மூடிவிட வேண்டும்.

கல்யாணம் பேசி முடிக்கிறபோது பெண்ணை விட்டுவிட்டுக் கட்டிலையும் பீரோவையும் மட்டும் வண்டியில் ஏற்றிய கதை. இதை நான் சொன்னதும் இம்ரான் சிரித்தான். பாவம், எனக்காகச் சிரித்தான்.

சுடர் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் என்னிடம் வந்து சமையல்மேடையில் சாய்ந்து நின்றாள்.

"யப்பா, தூத்துக்குடியில ஒரு அக்கா இருக்கு. வீட்டுக்காரர் இறந்து ரெண்டு வருஷமா தினம் நைட்டு நம்ம 'பேச்சி'ல வந்து அன்னைக்கு என்ன கொழம்பு வச்சேன்னு சொல்லும். முன்னூறு பேர் கேட்பாங்க. அந்த அக்காகிட்ட நான் என்னப்பா சொல்லுவேன்?"

"மூடியாச்சுன்னு சொல்லு தாயி."

"நான் பொய்க்காரின்னு சொல்லணும்ப்பா. எழுபது லட்சம்னு ஊரெல்லாம் சொன்னவ."

அவள் தலையைத் தடவலாம் என்று கை போனது. கையெல்லாம் மாவு. எடுத்துக்கொண்டேன். தடவியிருக்கலாம். மாவு என்ன, கழுவினால் போகிறது.

ஜனவரி 21, புதன்

காலையில் இம்ரான் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தான். நான் சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுடர் தலைக்குக் குளித்து, துவைத்த சுடிதார் போட்டு, அறையைப் பெருக்கி, வாசல் பக்கம் போனாள்.

"போறேன்ப்பா."

"சரி தாயி" என்றேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இன்னொரு கத்தரிக்காயை எடுத்தேன். அப்புறம்தான் காதில் ஏறியது.

முப்பத்தொரு வருஷத்தில் இந்தப் பிள்ளை அந்த வார்த்தையை அப்படிச் சொன்னதில்லை. ஸ்கூலுக்குப் போனாலும், கோபித்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாலும், பின்னால் இருக்கிற 'வாரேன்' இல்லாமல் போனதில்லை.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன். லிப்ட் கீழே நின்றது. மேல்படியில் காலடிச் சத்தம். ஏறினேன். முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

மொட்டை மாடிக் கதவுக்கு முன்னால், பூட்டுக்குக் கீழே, கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். வெறுங்கால். செருப்பைத்தான் கொடுத்துவிட்டாளே.

"சாவி குடுங்கப்பா."

"வற்றல் காயுது தாயி."

"எந்த வற்றல்ப்பா காயுது? மார்கழி முடிஞ்சு தை பொறந்துருச்சு. எல்லாம் பூஞ்சை புடிச்சுக் கெடக்கு. பாத்ரூம் தாழ்ப்பாள் உங்க பையில இருக்கு. டெய்சி அக்காவுக்குக் குடுத்த கடிகாரம் உங்க டைரிக்குள்ள இருக்கு. எல்லாம் எனக்குத் தெரியும்."

நான் எப்போதும் எதையாவது சொல்லிவிடுவேன். கடையில் எவ்வளவு பெரிய சண்டையாக இருந்தாலும் ஒரு சிரிப்பை நடுவில் போட்டுவிடுவேன். அந்தப் படியில் நின்றுகொண்டு தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தேன். சாவியை அவிழ்த்துக் கையில் எடுத்தேன்.

"தாரேன். போயிட்டு வாரேன்னு சொல்லு. தாரேன்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"சொல்லு தாயி. சும்மா வாயாலதான. பத்தொம்போது லட்சம் பேரு சொல்றான். நீ சொல்லு, நான் கதவத் தொறந்துட்டு கீழ போயிடுறேன்."

வாயைத் திறந்தாள். "போயிட்டு" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி திறந்தாள். "போயிட்டு." உதடு கோணிக்கொண்டது. அவளால் என்னிடம் பொய் சொல்ல முடியவில்லை. ஊருக்கெல்லாம் பொய்க்காரி ஆகிவிட்ட பிள்ளைக்கு இந்த ஒரு பொய் வரவில்லை.

நான் படியில் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் விழுந்து அழுதாள். மூன்றாவது மாடி அம்மா துணி வாளியோடு ஏறி வந்தார், பார்த்தார், வாளியை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப்போனார். நல்ல மனுஷி.

ரொம்ப நேரம் கழித்து, "அப்பா, எனக்கு முடியலப்பா. எப்படிச் சரி பண்றதுன்னு தெரியல" என்றாள்.

"எனக்கும் தெரியல தாயி. தெரிஞ்சவங்ககிட்ட போவோம்."

சாம்பார் அடிப்பிடித்துக் கரிந்துவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

டாக்டரம்மா. மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர், இம்ரானின் அக்கா சொன்னவர். சுடர் உள்ளே போய் வெகுநேரம் இருந்தாள். நான் வெளியே மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையும் கூப்பிட்டார்.

"நீங்க என்ன செஞ்சீங்க இத்தன நாளா?"

"வற்றல் போட்டேன்மா."

விளக்கிச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "நல்ல வேலை செஞ்சீங்க. ஆனா முதல் நாளே கூட்டிட்டு வந்திருக்கணும். பயமா இருந்தா அவங்ககிட்டயே வாயத் திறந்து கேக்கலாம், தப்பில்ல. கேட்டா அந்த நெனப்பு கூடிடாது" என்றார்.

கேட்டிருக்கலாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். வாரம் இரண்டு முறை வரச்சொல்லியிருக்கிறார். கொஞ்ச காலம் ஆகும் என்றார், எவ்வளவு என்று சொல்லவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

பேச்சி வந்து இறங்கினாள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். மகளைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் மாடிக்கு வந்து என் வற்றலைப் பார்த்தாள். அதன்பிறகு மூன்று வாரப் பேச்சையும் சேர்த்து என்னிடம் பேசினாள்.

வேட்டியையும் தூக்கிப்போட்டுவிட்டாள்.

ஜனவரி 27, செவ்வாய்

சுடர் ஒன்றரை தோசை. இன்று யாரும் கேட்காமலே எழுதுகிறேன்.

நேற்று முழுக்கப் படுத்தே இருந்தாள், முகம் சுவர்ப் பக்கம். இன்று உட்கார்ந்தாள். நாளை எப்படி என்று தெரியாது.

ஜனவரி 29, வியாழன்

மிருதுளா வந்தாள். மூடும்போது என்ன எழுத வேண்டும் என்று அவர்கள் வக்கீல்கள் தாள் அனுப்பியிருக்கிறார்கள். 'நிரந்தரமாக வெளியேறு' என்று ஒரே பொத்தான்தான் இருக்க வேண்டுமாம். இத்தனை நாளில் அவர்கள் சொன்ன எதற்கும் சுடர் மறுப்பு சொன்னதில்லை. இன்று போர்வையைப் போர்த்திக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"அத மாத்த முடியாது. 'போயிட்டு வாரேன்'தான் இருக்கும். அம்மா குரலும் இருக்கும். இல்லன்னா நான் வேலைக்கு வரல."

"ஆனா சுடர், யாரும் திரும்பி வர முடியாதே. அது தவறான தகவல்."

"எங்க ஊருல செத்தவங்கள எடுத்துட்டுப் போறப்பதான் சொல்லாமப் போவாங்க. இவங்கெல்லாம் உசுரோட இருக்காங்க மிருதுளா."

மிருதுளா வெகுநேரம் போனில் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "என் பாஸ் கேட்கிறார், இந்தப் பொத்தானுக்கு அர்த்தம் போகிறார்கள் என்றா, வருகிறார்கள் என்றா? நான் 'இரண்டும்' என்று எழுதிவிட்டேன். சரியா அங்கிள்?"

பேச்சி அவளுக்கு இரண்டாவது முறையும் சோறு வைத்தாள். என் வீட்டில் அதுதான் பாஸ் மார்க்.

ஜனவரி 31, சனி

ஹாலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். கம்ப்யூட்டரில் எண் ஓடியது. ஒருத்தர் 'போயிட்டு வாரேன்' அமுக்க ஒன்று கூடும். காலையிலிருந்து ஓடுகிறது.

"எத்தன பேருடி?" என்று பேச்சி சமையல்கட்டிலிருந்து கேட்டாள்.

"பதினேழு லட்சம்மா."

"அத்தன பேருக்குமா நான் பதில் சொல்லிட்டு இருக்கேன்? தொண்ட வலிக்காதா?"

சுடர் சிரித்தாள். சின்னச் சிரிப்பு, மூக்கால் வந்தது.

தூத்துக்குடி அக்காவைப் போட்டுக் காட்டினாள். "இன்னைக்கு வெறும் ரசம்தான். எல்லாருக்கும் போதும். எழுபது லட்சமா பத்தொம்போது லட்சமான்னு என்னமோ பேப்பர்ல போட்ருக்கான். எனக்கு முன்னூறு பேரு. அது சரியாத்தான் இருந்துச்சு. வாரேன் தம்பி தங்கச்சிகளா."

சாயங்காலம் திரை கறுப்பானது. இம்ரான் எழுந்து போய் முகம் கழுவினான். சுடர் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். இன்று நான் தாழ்ப்பாளைப் பற்றியோ சாவியைப் பற்றியோ பொய் எதுவும் சொல்லவில்லை. "பயமா இருக்கு தாயி, இன்னைக்கு எங்க கூடவே படு" என்றேன். சரி என்றாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் சுடர், "கொத்தமல்லி இல்ல, நான் போய் வாங்கிட்டு வரட்டுமா?" என்றாள். தனியாக. டாக்டரம்மா சின்னச் சின்னதாக விடுங்கள் என்று சொல்லியிருந்தார். பேச்சி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வாசலில் செருப்பு தேடினாள். அவளுக்கு இன்னும் செருப்பு வாங்கவில்லை. என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டாள், அளவு பெரிது, படக்படக் என்று சத்தம். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். நான் டைரியில் குனிந்து எழுதுகிற மாதிரி இருந்தேன். ஒரு எழுத்தும் எழுதவில்லை.

"வாரேன்ப்பா."

'போயிட்டு' இல்லை. வெறும் 'வாரேன்'. பொத்தானில் அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்திருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு என் மண்டையில் உதிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு இரண்டு முறை.

"பாத்துப் போயிட்டு வா தாயி" என்றாள் பேச்சி, உள்ளேயிருந்து, அதே குரலில்.

படக்படக் சத்தம் படியில் இறங்கியது. ஏறவில்லை, இறங்கியது. நான் பின்னால் போகவில்லை. என் செருப்பு அவள் காலில் இருந்ததால் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வந்துவிட்டாள். கொத்தமல்லி வாங்கினாள், பச்சை மிளகாய் மறந்துவிட்டாள். பேச்சி திட்டினாள். மறுபடி கிளம்பினாள், மறுபடியும் சொல்லிவிட்டுப் போனாள்.